கடைமடைக்கும் எட்ட வேண்டும்: அலைவரிசைப் பங்கீடு பற்றி டர்பன் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனில் மொபைல் நெட்வொர்க்குக்கு ரேடியோ திட்டமிடும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். எந்த டவருக்கு எந்த அலைவரிசை, எவ்வளவு பவர், ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், இதுதான் தினசரி வேலை. கோயிலில், கல்யாண வீட்டில், தமிழ் வகுப்பு வாசலில் என்று எங்கே போனாலும் "தம்பி, எங்க வீட்ல மட்டும் ஏன் நெட் வர்றதில்ல?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சேனல், சேனல் என்கிறீர்களே, அது என்ன?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: வாய்க்கால். ஆற்றுத் தண்ணீர் மொத்தத்தையும் ஒருவர் வயலில் திருப்பிவிட முடியாது. மடை வைத்து, வாய்க்கால் பிரித்து, இன்று உனக்கு, நாளைக்கு எனக்கு என்று முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். ரேடியோவிலும் ஒரு கம்பெனி கையில் இருக்கும் அலைக்கற்றை கொஞ்சம்தான். அதைத் துண்டு போட்டு ஆட்களுக்குக் கொடுக்கிறோம்.

துண்டு போடும் விதம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. 2ஜியில் 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைத் துண்டை எடுத்து, நேரத்தை எட்டாகப் பிரித்து, எட்டுப் பேருக்குக் கொடுத்தார்கள். 3ஜியில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசினார்கள், ஆளுக்கு ஒரு குறியீடு. 4ஜியிலும் 5ஜியிலும் அலைவரிசை ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம் என்று கோடு போட்டுச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, கட்டம் கட்டமாகக் கொடுக்கிறார்கள்.

தண்ணீருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அலைவரிசை தீர்ந்துபோகாது. இந்த நொடியில் யாரும் பயன்படுத்தாவிட்டால் இந்த நொடி வீணாகிறது, அவ்வளவுதான். அடுத்த நொடியில் மறுபடியும் முழுசாக இருக்கும். சேர்த்து வைக்கவும் முடியாது.

கம்பெனியிடம் இருப்பது கொஞ்சம் அலைவரிசைதான் என்றால், நாடு முழுக்க எப்படிப் போதுகிறது?

ஒரே அலைவரிசையை வேறு வேறு ஊர்களில் மறுபடியும் பயன்படுத்துவதால்தான். ஒரு கிராமத்துத் திருவிழாவில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் பத்து மைல் தள்ளி இருக்கும் கிராமத்துக்குக் கேட்காது. அங்கேயும் அதே நேரத்தில் திருவிழா நடத்திக்கொள்ளலாம். பக்கத்துத் தெருவில் நடத்தினால்தான் தகராறு.

இந்த யோசனையை 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் ஒரு குறிப்பாக எழுதினார். ஊரைத் தேன்கூடு மாதிரி அறுகோண அறைகளாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து அறைகளுக்கு வேறு வேறு அலைவரிசை கொடுத்து, கொஞ்சம் தள்ளிப் போனதும் பழைய அலைவரிசையை மறுபடி கொடுப்பது. ஏழு அறைகளை ஒரு கொத்தாக வைத்தால், ஒரே அலைவரிசையுள்ள இரண்டு டவர்களுக்கு நடுவில் உள்ள தூரம் ஓர் அறையின் ஆரத்தைப் போல 4.6 மடங்கு வரும். கொத்தில் அறைகள் கூடக் கூட இடைஞ்சல் குறையும், ஆனால் ஒவ்வோர் அறைக்கும் கிடைக்கும் பங்கும் குறையும். இந்த இழுபறிதான் எங்கள் தொழில் முழுவதும்.

தேன்கூடு காகிதத்தில்தான் அழகாக இருக்கும். டர்பன் முழுக்க மேடும் பள்ளமும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த இரண்டு டவர்களுக்கு ஒரே அலைவரிசை போட்டேன். தூரக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டும் குன்றின் மேல் இருந்தன, நடுவில் பள்ளத்தாக்கு, ஒன்றை ஒன்று நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தன. பள்ளத்தாக்கில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பக்கம் பேச்சு துண்டு துண்டாக வருகிறது என்று புகார் மேல் புகார். டெஸ்ட் போனை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டில் போய் நின்றேன். திரையில் சிக்னல் நன்றாகவே இருந்தது, பேச்சின் தரம் மட்டும் அதலபாதாளத்தில். கேட்டைத் தாண்டிச் சுவரின் மறுபக்கம் போனதும் சரியாகிவிட்டது. அந்தச் சுவர்தான் தூரத்து டவரை மறைத்தது. அன்றிலிருந்து தூரத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்வதில்லை. இடத்தில் போய் நின்று பார்க்கிறேன்.

எந்த டவருக்கு எது என்று கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடாதா?

போட்டுக் கொடுக்கும். ஆனால் இது நினைப்பதை விடக் கடினமான கணக்கு. டவரை ஒரு புள்ளியாக வையுங்கள். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் தரும் டவர்களுக்கு நடுவில் ஒரு கோடு போடுங்கள். அலைவரிசை என்பது நிறம். கோட்டால் இணைந்த இரண்டு புள்ளிகளுக்கும் ஒரே நிறம் வரக்கூடாது. முடிந்தவரை குறைந்த நிறத்தில் தீட்ட வேண்டும்.

இந்த நிறக் கணக்கின் மூலக் கதையில் தென்னாப்பிரிக்காவுக்கும் ஓர் இடம் உண்டு. 1852-இல் பிரான்சிஸ் கத்ரி என்ற இளைஞர் இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த மாவட்டங்களுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நான்கு நிறமே போதும்போல் இருக்கிறதே, எந்த வரைபடத்துக்கும் அப்படித்தானா என்று கேட்டார். அவர் 1861-இல் இந்த நாட்டுக்கு வந்து, கிராஃப்-ரெய்னெட்டிலும் பிறகு கேப் டவுனிலும் கணிதம் சொல்லிக் கொடுத்து, 1899-இல் இங்கேயே இறந்தார். நம் முன்னோர்களின் முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது 1860 நவம்பர் 16. அதற்கு அடுத்த வருடம் வந்தவர் கத்ரி. நான்கு நிறம் போதும் என்பதை 1976-இல்தான் ஆப்பெல், ஹாக்கன் என்ற இருவர் கம்ப்யூட்டர் துணையோடு நிரூபித்தார்கள்.

அப்படியானால் நான்கு அலைவரிசை போதுமே என்று தோன்றும். போதாது. வரைபடத்தில் எல்லை தொடும் மாவட்டம் மட்டும்தான் பக்கத்து வீடு. ரேடியோவில் இரண்டு மூன்று அறை தாண்டியும் இடைஞ்சல் போகும், எங்கள் பள்ளத்தாக்கில் நடந்த மாதிரி. கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடினால் நான்கு நிறக் கணக்கு செல்லாது. அந்தப் பொதுக் கணக்குக்குப் பெரிய நெட்வொர்க்கில் மிகச் சிறந்த விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கும் வழி இன்றுவரை யாரிடமும் இல்லை. "இது நல்ல விடை" என்கிற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் குட் ஃப்ரைடே அன்று சிக்னல் முழுக் கோடு காட்டுகிறது. ஆனால் போன் கால் போகவில்லை. ஏன்?

திருவிழா முடிந்த மறுவாரம் தவறாமல் வரும் கேள்வி இது. போனில் தெரியும் கோடுகள் டவர் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும்தான் காட்டும். இடம் காலியாக இருக்கிறதா என்பதைக் காட்டாது. பந்தி மண்டபத்து வாசலில் நின்றால் சாம்பார் வாசனை நன்றாக வரும், உள்ளே இலை காலியா என்று வாசனையை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தப் பந்திக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1917-இல் அவர் வெளியிட்ட சூத்திரத்தை இன்றைக்கும் பயன்படுத்துகிறோம். ஓர் உதாரணம் பாருங்கள். நூறு அழைப்பில் இரண்டுதான் தோற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மணிக்கு மூன்று நிமிடம் பேசுகிறார்கள். 10 சேனல் இருந்தால் ஏறக்குறைய 100 பேரைத் தாங்கும். 20 சேனல் இருந்தால் 200 பேர் என்றுதானே நினைப்போம்? இல்லை, 260-க்கும் மேல் தாங்கும். ஒரே பெரிய மண்டபத்தில் ஓர் இலை காலியானால் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். இரண்டு சின்ன மண்டபமாகப் பிரித்துவிட்டால், ஒன்றில் ஆட்கள் நிற்பார்கள், மற்றொன்றில் இலை காலியாகக் கிடக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு டவருக்கும் நிரந்தரமாகப் பிரித்துக் கொடுப்பது சில இடங்களில் வீண். ஆள் நடமாட்டம் மாறாத குடியிருப்புப் பகுதிக்கு நிரந்தரப் பங்கே நல்லது, எளிதும்கூட. கோயில் திருவிழா, கிரிக்கெட் மைதானம், கடற்கரை மாதிரி திடீரென்று கூட்டம் சேரும் இடங்களில், பக்கத்து டவரில் சும்மா கிடப்பதைக் கடன் வாங்கும் முறை, அல்லது எல்லாவற்றையும் பொதுவில் வைத்து அப்போதைக்கு அப்போது கொடுக்கும் முறைதான் கைகொடுக்கும். கடன் வாங்கினால் ஒரு தொல்லை உண்டு: அந்தச் சேனலைக் கொஞ்சம் தள்ளியிருக்கும் வேறு டவர்களும் அந்த நேரத்தில் தொடக்கூடாது. கூட்டம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நிரம்பி வழிந்தால், கடன் முறை நிரந்தரப் பங்கை விட மோசமாகிவிடும்.

தீமிதி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வீடியோ அனுப்புகிறார்கள். வீட்டுக்குப் போய் அனுப்பினால் வழி தவறிய குழந்தையைத் தேடும் ஒருவருடைய போன் கால் போகும். இதைத் திருவிழாவுக்கு முன்னால் கோயில் மைக்கில் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காரில் போய்க்கொண்டே பேசும்போது ஹிகின்சன் ஹைவேயில் கட் ஆகிறதே?

ஒரு டவரின் எல்லையைத் தாண்டி அடுத்ததற்குள் போகிறீர்கள். அங்கே காலி இடம் இருந்தால் மாற்றிவிடுவார்கள். இல்லையென்றால் கட். புதிதாக கால் போகாமல் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், பேசிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் எரிச்சல் அதிகம். அதனால் ஒவ்வொரு டவரிலும் கொஞ்சம் இடத்தைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது பழைய வழக்கம். அதிகமாக ஒதுக்கினால் உள்ளூர்க்காரர்களுக்குக் கால் போகாது. அடுத்த டவர் குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், மாற்றுவதற்கு நேரமே கிடைக்காமல் அறுந்துபோவதும் உண்டு.

4ஜியில் யாருக்கு எவ்வளவு என்று யார் முடிவு செய்கிறார்கள்? நான் மாதம் அதிகப் பணம் கட்டுகிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்கு மட்டும் வேகமாக வருகிறது!

டவரில் இருக்கும் ஒரு மென்பொருள்தான். நாங்கள் அதை ஷெட்யூலர் என்போம். 4ஜியில் ஒரு பங்கு என்பது 180 கிலோஹெர்ட்ஸ் அகலம். 20 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் டவரில் அந்த மாதிரி 100 பங்கு. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று மில்லி நொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஆயிரம் முறை, முடிவு எடுக்கிறது. நீங்கள் இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் பல ஆயிரம் முறை முறைப்பாசனம் நடந்துவிடும்.

என் மனதுக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டவர் அடியில் ஓர் ஆள். முழு டவரும் அவருக்கே என்றால் நொடிக்கு 50 மெகாபிட் எடுப்பார். டவரின் எல்லையில், குன்றுக்குப் பின்னால் ஓர் ஆயா. முழு டவரையும் அவருக்கே கொடுத்தாலும் 5 மெகாபிட்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். எப்படிப் பங்கு வைப்பது?

முதல் வழி, யாரிடம் சிக்னல் நன்றாக இருக்கிறதோ அவருக்கே எல்லாம். மொத்தம் 50 மெகாபிட். கம்பெனி அறிக்கையில் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆயாவுக்குச் சுழியம். இரண்டாம் வழி, இருவருக்கும் ஒரே வேகம் வருகிற மாதிரி. ஆளுக்கு 4.5 மெகாபிட் வரும், ஆனால் டவரின் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஆயாவுக்கே போய்விடும். மொத்தம் 9 மெகாபிட்தான், 50 எடுக்க வேண்டியவர் 4.5-இல் நிற்கிறார். மூன்றாம் வழி, நேரத்தைச் சமமாகப் பிரிப்பது. அவருக்கு 25, ஆயாவுக்கு 2.5.

பெரும்பாலான டவர்களில் ஓடுவது இந்த மூன்றாம் வழியை ஒட்டியது. ஒவ்வொருவருக்கும் இந்த நிமிடம் கிடைக்கக்கூடிய வேகத்தை, அவருக்கு இதுவரை சராசரியாகக் கிடைத்ததால் வகுத்து, யாருக்கு விடை பெரிதோ அவருக்குக் கொடுக்கும். சிக்னல் ஒரே மாதிரி நிற்காது, ஏறி இறங்கும். ஆயாவின் சிக்னல் அவருடைய வழக்கத்தை விடக் கொஞ்சம் ஏறும் நொடியைப் பிடித்து அவருக்குக் கொடுப்பதால், 2.5-க்கும் சற்று மேலேயே கிடைக்கும். ரொம்ப நேரம் கிடைக்காமல் காத்திருந்தால் சராசரி இறங்கி, அவருடைய முறை தானாக முன்னுக்கு வரும்.

காவிரியில் தண்ணீர் விட்டால் முதலில் நிறைவது தலைமடை. கடைமடைக்காரன் வரப்பில் உட்கார்ந்து வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பான். டவரிலும் கடைமடை உண்டு. மொத்த வேகத்தை மட்டும் கூட்டிப் பார்க்கிற எவரும் கடைமடையை மறந்துவிடுவார்கள் என்பதைப் பல கூட்டங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் எந்த மாற்றம் செய்தாலும், மிக மோசமாகக் கிடைக்கும் ஐந்து சதவீதம் பேருக்கு என்ன ஆயிற்று என்ற கணக்கை முதலில் எடுக்கச் சொல்வேன். எல்லையில் இருப்பவர்களுக்கென்று இன்னொரு வழியும் உண்டு: டவரின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கு எல்லா அலைவரிசையையும் கொடுத்துவிட்டு, எல்லையில் மட்டும் பக்கத்து டவர்கள் ஆளுக்கு ஒரு பகுதியாகப் பிரித்துக்கொள்வது. பழைய தேன்கூடு யோசனை எல்லைக் கோட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

சரி, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் விஷயம். அவர் போன் புதியதாக இருக்கலாம், இரண்டு மூன்று அலைவரிசைகளைச் சேர்த்து எடுக்கும். இல்லை, அவர் வேறு கம்பெனியாக இருக்கலாம். நீங்கள் கட்டும் பணம் டேட்டா அளவுக்குத்தான், டவருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு இல்லை.

கரண்ட் போனால் மொபைல் நெட்டும் ஏன் படுத்துவிடுகிறது? டவரில் பேட்டரி இருக்கிறதே?

இருக்கிறது. ஆனால் லோட் ஷெடிங் மோசமாக இருந்த காலத்தைப் போல ஒரு நாளில் பல முறை போனால், பேட்டரி முழுசாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். ஒரு டவர் படுத்தால் அதன் ஆட்கள் எல்லாம் பக்கத்து டவருக்கு, தூரத்திலிருந்து, பலவீனமான சிக்னலோடு போவார்கள். எல்லோரும் கடைமடை ஆட்கள். அதே நேரத்தில் வீட்டு வைஃபையும் நின்றிருக்கும், வீட்டில் இருந்த எல்லா போனும் மொபைல் டேட்டாவுக்கு வந்திருக்கும். பங்கு குறைந்த நேரத்திலேயே கேட்பவர்கள் கூடுகிறார்கள்.

அரசாங்கம் அலைக்கற்றையை ஏலம் விடுவதால் நமக்கு என்ன?

நாங்கள் டவருக்குள் எவ்வளவு சாமர்த்தியமாகப் பிரித்தாலும், மேலிருந்து கொடுப்பதைத்தான் பிரிக்க முடியும். இங்கே அதைக் கொடுப்பது ஐகாசா என்ற ஒழுங்குமுறை ஆணையம். இந்த நாட்டில் மொபைல் சேவை 1994-இல் தொடங்கியது. 4ஜி வந்த பிறகும் அதற்கென்று புது அலைக்கற்றை வருடக்கணக்கில் வரவில்லை, கம்பெனிகள் பழையதையே ஒட்டுப் போட்டு ஓட்டின. 2020 கோவிட் ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்தபோது தற்காலிகமாகக் கொஞ்சம் கொடுத்தார்கள். 2022 மார்ச்சில் ஏலம் நடந்தது. 700, 800, 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள், மொத்தம் 14.4 பில்லியன் ராண்ட்.

700-உம் 800-உம் மிகவும் மதிப்புள்ளவை. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும், கிராமத்துக்கு ஏற்றது. ஆனால் அந்த இடத்தில் பழைய அனலாக் டிவி உட்கார்ந்திருந்தது, அது காலி செய்யும் தேதி தள்ளித் தள்ளிப் போனது. பணம் கட்டி வாங்கியும் முழுசாகப் பயன்படுத்த முடியாத நிலை. டிவியை நம்பியிருக்கும் ஏழை வீடுகளுக்கு டிஜிட்டல் பெட்டி கொடுக்காமல் அனலாக்கை நிறுத்துவதும் நியாயம் இல்லை. இரண்டு பக்கமும் கடைமடைக்காரர்கள்தான்.

டிவி சேனல்களுக்கு நடுவில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பயன்படுத்த முடியாதா?

முடியும். 2013-இல் கேப் டவுன் பகுதியில் பத்துப் பள்ளிகளுக்கு அப்படித்தான் இணையம் கொடுத்துச் சோதித்தார்கள், டிவி பார்ப்பவர்களுக்குத் தொல்லை இல்லாமல். 2018-இல் ஐகாசா அதற்கு விதிமுறையும் கொண்டுவந்தது. கருவி முதலில் தான் இருக்கும் இடத்தைச் சொல்லி ஒரு தரவுத்தளத்தைக் கேட்க வேண்டும். "அங்கே இன்ன சேனல் காலி, இவ்வளவு பவர்" என்று பதில் வந்த பிறகுதான் பேசலாம். உரிமைக்காரர் இல்லாத நேரத்தில் திண்ணையில் படுத்துக்கொள்கிற மாதிரி. அவர் வந்தால் எழுந்துவிட வேண்டும்.

வறண்ட காரூ பகுதிப் பக்கம் போனால் மணிக்கணக்கில் சிக்னல் இல்லை. அங்கே ஏன் டவர் போடுவதில்லை?

காரணம், ஆட்கள் குறைவு. கார்னார்வன் ஊரைச் சுற்றி மட்டும் வேறு காரணமும் இருக்கிறது. அங்கே மீர்காட் என்ற ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 13.5 மீட்டர் அகலத்தில் 64 கிண்ணங்கள், 2018-இல் திறந்து வைத்தார்கள். வானத்தில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு 1420 மெகாஹெர்ட்ஸில் முணுமுணுக்கிறது. மீர்காட் அதைக் கேட்கும் பட்டை 856 முதல் 1712 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் 2ஜி டவர்கள் பேசும் 935 முதல் 960 வரை அதற்குள்ளேயே விழுகிறது. பல கோடி வருடம் பயணம் செய்து வந்த முணுமுணுப்புக்குப் பக்கத்தில் ஒரு டவர், காதோடு வைத்து ஊதிய நாதஸ்வரம் மாதிரி. அதனால் 2007-இல் ஒரு சட்டம் போட்டு, அந்தப் பகுதியில் ரேடியோ கருவிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அங்கே அலைவரிசையின் பெரும்பங்கு வானத்துக்கு. அங்கே பண்ணை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழியில் தொடர்பு கொடுப்பதும் அந்தப் பங்கீட்டின் ஒரு பகுதிதான் என்பது என் கருத்து.

சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா?

ஐகாசா அங்கீகாரம் இல்லாததை வாங்காதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கோடு கூடும், டவருக்கு இரைச்சல் கூடும், தெருவில் எல்லோருக்கும் வேகம் குறையும்.

வைஃபைக்கு எந்தச் சேனல் நல்லது? தானாக என்று விட்டால் போதாதா?

2.4 கிகாஹெர்ட்ஸில் இங்கே 13 சேனல் இருக்கிறது. ஆனால் சேனல்களின் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொன்றின் அகலம் 20 முதல் 22. அதனால் ஒன்றோடொன்று மோதாமல் நிற்பது மூன்றுதான்: 1, 6, 11. யாரும் இல்லை என்று 3-இல் போய் உட்காராதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும், முறை வைத்துப் பேசிக்கொள்ளும். பாதி உரசிக்கொண்டிருக்கும் சேனலில் அந்த மரியாதை சரியாக நடக்காது. 3-இல் இருப்பவர் 1-க்கும் 6-க்கும் இரைச்சல், அவருக்கு அவர்கள் இரைச்சல். 2.4-இல் அகலத்தை 40 என்று வைத்தவர் தெருவில் பாதியை எடுத்துக்கொள்கிறார், அவருக்கும் பெரிதாக வேகம் கூடுவதில்லை.

தானாகத் தேர்ந்தெடுப்பது தனி வீட்டில் சரி. சாட்ஸ்வொர்த் மாதிரி சுவரோடு சுவராக ஒட்டிய வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். பல ரவுட்டர்கள் ஆன் ஆகும்போது மட்டும்தான் காற்றைக் கேட்டுச் சேனல் எடுக்கின்றன. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நொடியில் தெருவில் எல்லா ரவுட்டரும் ஒன்றாக ஆன் ஆகும். ஒவ்வொன்றும் கேட்கும், மற்றவை இன்னும் பேசத் தொடங்கியிருக்காது, எல்லாச் சேனலும் காலி என்று நினைக்கும். ஓர் இரவு கரண்ட் வந்த பத்தாவது நிமிடம் எங்கள் வாசலில் நின்று போனில் பார்த்தேன். கேட்ட பதினான்கு வைஃபையில் பதினொன்று சேனல் 1-இல் இருந்தன. 11-இல் ஒருவரும் இல்லை.

புது ரவுட்டர் இருந்தால் டிவி, லேப்டாப் இவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இடம் அதிகம், சுவரை எளிதில் தாண்டாது என்பதே அங்கே நல்லது, பக்கத்து வீட்டுக்குத் தொல்லை இல்லை. அதில் சில சேனல்கள் ரேடாருடன் பங்கு போடுபவை. வானிலை ரேடார் கேட்டால் ரவுட்டர் உடனே விலகிவிட வேண்டும், அப்படிப்பட்ட எந்தச் சேனலை எடுக்கும் முன்னும் குறைந்தது ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்க வேண்டும். ஆன் செய்ததும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் வரத் தாமதமானால் கெட்டுப்போனது என்று நினைக்காதீர்கள், அது கேட்டுக்கொண்டிருக்கிறது.

தெருவில் எல்லோரும் சேர்ந்து பேசிவைத்து ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், செலவும் இல்லை. கத்ரியின் நிறக் கணக்குதான், மூன்று நிறத்தோடு. வரிசை வீடுகளில் 1, 6, 11, மறுபடி 1, 6, 11 என்று வைத்துக்கொண்டே போங்கள். பின்பக்கத்து வரிசை முதுகோடு முதுகு ஒட்டியிருந்தால், அங்கே 6-இல் தொடங்குங்கள், நேர் பின்னால் ஒரே எண் வராது. அடுக்குமாடியில் ஒவ்வொரு மாடிக்கும் இந்த மூன்றில் ஓர் எண் தள்ளித் தொடங்குங்கள். தானாக என்பதை அணைத்துவிட்டு எண்ணைக் கையால் போடுங்கள், அகலம் 20. ரவுட்டரில் பவரைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்துப் பாருங்கள். வீட்டுக்குள் போதுமான அளவு இருந்தால் போதும்.

எங்கள் வரிசையில் ஒன்பது வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு வீடாகப் போய் மாற்றினோம். கடைசி வீட்டு ஆயாவின் ரவுட்டர் அலமாரிக்குள், எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தது. உலோகம் சிக்னலை மறைக்கும் என்று சொன்னதும் தானே அதை எடுத்துக் குத்துவிளக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தார். சேனல் 11 போட்டோம். அன்று சாயங்காலமே மெல்போர்னில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேசினார், நடுவில் நிற்காமல்.